யாட்சுகதாக்கே குளிர்கால ஏற்றம்: பக்கத்துப் பக்கத்துச் சிகரங்களுக்கு வழி தேர்வது எப்படி

சிங்கப்பூரிலிருந்து பனிமலை ஏறக் கிளம்புகிறவர்கள் முதலில் சிகரத்தைத் தேர்ந்துகொண்டு, வழியைப் பிறகு தேடுகிறார்கள். 4,095 மீட்டர் கினபாலுவே ஏறியாயிற்று, ஜப்பானின் 2,899 மீட்டர் அக்காதாக்கே என்ன பெரிய விஷயம் என்ற கணக்கு. குளிர்காலத்தில் உயரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். எந்த வழியாக இறங்குவீர்கள், காற்று எங்கே பிடிக்கும், எந்தச் சரிவு உதிரும், வழியில் திறந்திருக்கும் குடில் எது என்ற நான்குக்கும் விடை இருந்தால்தான் அது உங்களுக்கான வழி.

ஜப்பானின் நாகானோ, யமனாஷி மாநிலங்களின் எல்லையில் வடக்குத் தெற்காக நீளும் யாட்சுகதாக்கே மலைத்தொடரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். தோக்கியோவிலிருந்து ஒரே ரயில். குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும் குடில்கள் உண்டு. ஜப்பான் கடல் பக்கத்து மலைகளைவிட இங்கே பனிப்பொழிவு குறைவு, வெயில் நாட்கள் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகரங்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அமைந்திருக்கின்றன.

1. உங்கள் படி எது?

முதல் படி: கித்தா யோக்கோதாக்கே (2,480 மீ.), ஷிமாகாரே (2,403 மீ.). ரோப்வே உங்களை 2,237 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து கித்தா யோக்கோதாக்கே உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். வழியில் பெரும்பகுதி மரங்களுக்குள், காற்று மறைவில். பனியே மிதிக்காதவர் முதல் நாள் இங்கேதான் தொடங்க வேண்டும். காலையில் கித்தா யோக்கோதாக்கே, திரும்பி வந்து ஷிமாகாரே என்று ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். பொறி ஒன்று உண்டு: காற்று பலமாக அடித்தால் ரோப்வே நிற்கும். நீங்கள் மேலே இருக்கும்போது நின்றால் நடந்துதான் இறங்க வேண்டும். கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தெங்குதாக்கேயின் கிழக்கு (2,640 மீ.), மேற்கு (2,646 மீ.) உச்சிகள். ஷிபுனோயு வெந்நீரூற்றிலிருந்து காட்டுவழியாக ஏறி, ஏறத்தாழ 2,400 மீட்டரில் உள்ள குரோயுரி ஹியூத்தே குடிலில் தங்கி, மறுநாள் காலை இரட்டை உச்சி. மரவரிசைக்கு (மரங்கள் வளரும் உயர எல்லைக்கு) மேல் திறந்தவெளி முகட்டில் நடப்பது எப்படி என்பதை இங்கே கற்கலாம். மேற்கு உச்சி ஆறு மீட்டர்தான் உயரம் என்றாலும், அதற்காக இடையில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். கிழக்கு உச்சியிலேயே காற்று தள்ளினால் மேற்கை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: இயோதாக்கே (2,760 மீ.). மினோதோகுச்சியில் நடக்கத் தொடங்கி, கித்தாசாவா ஓடை வழியாக அக்காதாக்கே கோசென் குடில், அங்கிருந்து அக்காஇவா நோ காஷிரா என்ற மேட்டின் வழியாக உச்சி. தொழில்நுட்பமாகக் கடினமில்லை. ஆபத்து இரண்டு இடத்தில். அந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே மரம் விலகும் சரிவு, புதுப்பனி விழுந்த மறுநாள் உதிரக்கூடியது. உச்சியோ மைதானம்போல விரிந்தது. மூடுபனி வந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளை, திசை தெரியாது. வடக்கு விளிம்பு செங்குத்தான எரிமலை வாய், அதன் ஓரத்தில் பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வழி காட்டும் கல்குவியல்களை விட்டு விலகாதீர்கள். அடுத்த குவியல் கண்ணில் படாவிட்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

நான்காம் படி: அக்காதாக்கே (2,899 மீ.). கியோஜா கோயாவிலிருந்து புன்சாபுரோ முகடு, அல்லது ஜிசோ முகடு. இரண்டிலும் செங்குத்துப் பகுதி, இரும்புச் சங்கிலி, சில இடங்களில் விழுந்தால் நிற்க முடியாத சரிவு. பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்தும் பயிற்சியை ஆசிரியரிடம் செய்து பழகாதவர், வழிகாட்டி இல்லாமல் இதற்குப் போகக்கூடாது. எழுத்தில் படித்துக் கற்கும் வித்தை அல்ல அது.

பக்கத்துச் சிகரம்தானே என்று நீட்டிக்கொள்ளும் ஆசை இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். இயோதாக்கேயிலிருந்து யோக்கோதாக்கே (2,829 மீ.) வழியாக அக்காதாக்கேக்குப் போகும் முகட்டுவழி வரைபடத்தில் ஒரு விரல் நீளம். குளிர்காலத்தில் அது கயிறு தேவைப்படும் பாறை நடை, நடுவில் இறங்கித் தப்ப நல்ல வழியும் இல்லை. அதேபோல, பக்கத்துச் சிகரமான அமிதாதாக்கேக்குக் கோடையில் எல்லோரும் ஏறும் நாக்காதாக்கே ஓடைவழி, குளிர்காலத்தில் பனிச்சரிவுப் பாதை. கோடைப் பயணக்குறிப்பைப் பார்த்து அதில் நுழையாதீர்கள்.

பெயர்க் குழப்பம் தனிப் பொறி. இந்தத் தொடரில் யோக்கோதாக்கே இரண்டு: வடக்கில் 2,480 மீட்டர், தெற்கில் 2,829 மீட்டர். அரசு வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். செயலியில் பெயரை மட்டும் தட்டினால் தவறான மலைக்கு வழி காட்டும், உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மினோதோகுச்சியும் மினோதோவும் அப்படித்தான். பேருந்து நிற்பது மினோதோகுச்சியில். மினோதோ அங்கிருந்து ஒரு மணி நேர நடை.

2. சரிவை அளவுகோலால் அளந்து பாருங்கள்

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்பும். உங்கள் வழி அப்படிப்பட்ட சரிவைக் கடக்கிறதா என்பதை வீட்டு மேசையிலேயே பார்த்துவிடலாம்.

ஜப்பான் புவிசார் தகவல் ஆணையத்தின் 1:25,000 வரைபடம் இணையத்தில் இலவசம். சமஉயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று, 50 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. தாளில் சரியான அளவில் அச்சிட்டு, இரண்டு தடித்த கோடுகளுக்கு இடையே செங்குத்தாக அளவுகோலை வையுங்கள். 3.5 மி.மீ. என்றால் 30 பாகை. 2 மி.மீ. என்றால் 45 பாகை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களைச் சிவப்பால் தீட்டுங்கள். நீங்கள் நடப்பது தட்டையான ஓடையாக இருந்தாலும், தலைக்கு மேலே சிவப்பு இருந்தால் அது உங்கள்மேல் விழும். ஆகவே பக்கவாட்டையும் தீட்டுங்கள். அளக்கப் பொறுமை இல்லையென்றால், அதே தளத்தில் பனிச்சரிவுக்கென்றே சாய்வை நிறம் பிரித்துக் காட்டும் அடுக்கு ஒன்று இருக்கிறது.

தீட்டி முடித்ததும் ஒன்று புரியும். ஓடைவழி சுகமாகத் தெரியும், முகட்டுவழி பயமுறுத்தும். பனிச்சரிவுக் கணக்கில் பல இடங்களில் நிலைமை தலைகீழ். மாறாக, காற்றுக் கணக்கில் முகடுதான் மோசம். எந்த நாளில் எது அதிக ஆபத்து என்று பார்த்து வழியைத் தீர்மானிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நாகானோ மாநிலம் 2014இல் தொடங்கிய மலைவழித் தரவரிசையும் உதவும். உடல் வலிமைக்கு 1 முதல் 10, தொழில்நுட்பத்துக்கு எளிதான ஏ (A) முதல் கடினமான இ (E) வரை. ஆனால் அது பனியில்லாத காலத்துக்கான தரம். ‘பி’ என்று போட்டிருக்கிறதே என்று ஜனவரியில் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

3. நேரக் கணக்கு

ஜப்பானிய மலை வரைபடங்களில் அச்சிட்டிருக்கும் நடைநேரமும் கோடைக்கானது. தடம் மிதிபட்டிருந்தால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பனியில் நீங்களே தடம் போட வேண்டியிருந்தால் இரண்டு மடங்கும் போதாது.

நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும். டிசம்பர் இறுதியில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கு முன்பே மங்கும். பகல் 12 மணி திரும்பும் நேரம். உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம் என்றாலும் 12 மணி 12 மணிதான். இதைக் குழுவில் எல்லோரும் முந்தின இரவே ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போய்ப் பேசினால் ஆசை பேசும்.

4. எந்த மாதம், எந்த நாள்

பள்ளி விடுமுறைக்கு ஒத்துவரும் டிசம்பரில் கீழ்ப்பகுதியில் பனி குறைவு, வழுக்குத்தரை அதிகம், விமானக் கட்டணமும் உச்சத்தில். ஜனவரி, பிப்ரவரி கடுங்குளிர். மார்ச்சில் பகல் நீளும், குளிர் தணியும், ஆனால் ஈரப்பனி. முதல் பயணத்துக்கு பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்லது. சீனப் புத்தாண்டு விடுமுறையோடு ஒட்டி எடுப்பவர்கள் குடிலை ஒன்றரை மாதம் முன்பே பதியுங்கள்.

100 மீட்டர் ஏற ஏற வெப்பநிலை 0.6 பாகை குறையும். 800 மீட்டர் உயரத்திலுள்ள ச்சினோ நகரில் 0 பாகை என்றால் அக்காதாக்கே உச்சியில் கழித்தல் 13. விநாடிக்கு ஒரு மீட்டர் காற்றுக்கு ஒரு பாகை கழிப்பது மலையேறிகளின் தோராயக் கணக்கு. பத்து மீட்டர் காற்று அடித்தால் உடம்புக்குத் தெரிவது கழித்தல் 23. குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறை கழித்தல் 18.

வானிலைச் செயலியில் ஊர்க் காற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். விண்டி செயலியில் 700 ஹெக்டோபாஸ்கல் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள், அது ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரக் காற்று. விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல் காட்டினால் அன்றைக்கு முகடு வேண்டாம், மரவரிசைக்குள் இருக்கும் முதல் படிக்கு மாறுங்கள். ஜப்பான் வானிலை வரைபடத்தில் சமஅழுத்தக் கோடுகள் வடக்குத் தெற்காக நெருங்கி நின்றால் வடமேற்குக் காற்று கடுமையாக இருக்கும் என்று அர்த்தம்.

இன்னொரு எதிரி, பசிபிக் கரையோரமாக நகரும் தாழ்வழுத்தம். வழக்கமாகப் பனி குறைந்த இந்தப் பக்கத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். 2014 பிப்ரவரியில் அப்படி வந்தபோது பக்கத்திலுள்ள கோஃபு நகரில் 114 செ.மீ. பனி தேங்கியது, ரயிலும் நின்றது. அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள். பனி விழுந்து முடிந்த மறுநாளும் சரிவுகளிலிருந்து விலகியிருங்கள், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும்.

5. காகிதங்கள்

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர்களுக்கு விசா வேண்டும், இணையவழி விண்ணப்பம் உண்டு. பயண நிரலில் ‘மலையேற்றம்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த இரவு எந்தக் குடில் என்று முகவரியோடு எழுதுங்கள். ஒரு மாதம் முன்பே போட்டுவிட்டால் நிம்மதி.

மலையேற்ற அறிவிப்பு: நாகானோ மாநிலச் சட்டப்படி, குறிப்பிட்ட மலைவழிகளில் ஏற 2016 ஜூலை முதல் இது கட்டாயம். யாட்சுகதாக்கேயும் அதில் அடங்கும். பெயர், வழி, தேதி, குழுவினர், உணவின் அளவு, சாமான், அவசரத் தொடர்பு ஆகியவற்றைக் ‘கம்பாஸ்’ இணையதளத்தில் பதியலாம். ஏறும் இடங்களில் தாளில் எழுதிப் போடும் பெட்டியும் இருக்கும். கட்டணம் இல்லை. மாற்று வழியையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாத வழியில் போய் மாட்டிக்கொண்டால் தேடுகிறவர்கள் வேறு பள்ளத்தாக்கில் தேடுவார்கள்.

காப்புறுதி: பலரும் சறுக்குவது இங்கேதான். சிங்கப்பூரில் வாங்கும் சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல, கயிறோ க்ராம்பனோ (காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) பனிக்கோடரியோ தேவைப்படும் ஏற்றத்தை விலக்கிவைக்கும். பட்டியலில் ‘ஹைக்கிங்’ என்று பார்த்து நிம்மதியடையாமல், விலக்குகள் பக்கத்தை முழுக்கப் படியுங்கள். மின்னஞ்சலில் “க்ராம்பன் அணிந்து, 2,899 மீட்டர் வரை, வழிகாட்டியோடு” என்று கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மீட்புப் பணியில் காவல்துறையினர் வந்தால் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் உள்ளூர் மீட்புக் குழுவினர் சேர்ந்தால் ஆளுக்கு, நாளுக்கு என்று கட்டணம் வரும். தேடல், மீட்புச் செலவு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியுறவு அமைச்சின் இணையப் பயணப் பதிவையும் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

6. சாமான்

க்ராம்பன் மூன்று வகை. சங்கிலி வகை முதல் படிக்குப் போதும். ஆறு பல் வகை நடுவாந்தரம், முன்பல் இல்லாததால் செங்குத்தில் உதவாது. இரண்டாம் படியிலிருந்து 10 அல்லது 12 பல் வேண்டும். பொருத்தம்தான் முக்கியம்: பின்பக்கம் நெம்புகோலால் மாட்டும் வகைக்குக் காலணியின் குதிகாலில் பள்ளம் இருக்க வேண்டும், அடித்தளமும் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். க்ராம்பனை இரவல் வாங்கி, காலணியை வேறு இடத்தில் வாங்குபவர்களுக்கு இரண்டும் சேராமல் போவது வழக்கம். தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள மலைச்சாமான் வாடகைக் கடைகளில் காலணி, க்ராம்பன், கோடரி மூன்றையும் ஒரே கடையில் எடுங்கள்.

வாங்கியதும் அறையில் உட்கார்ந்து மாட்டிப் பாருங்கள், அதுவும் தடித்த கையுறையோடு. காலணியைத் தூக்கி உதறினாலும் க்ராம்பன் ஆடக்கூடாது. மீந்த வாரை மடித்துச் செருகுங்கள், தொங்கவிட்டால் மறுகாலின் பல் அதில் மாட்டி நீங்கள் குப்புற விழுவீர்கள். நடக்கும்போது இரண்டு பாதங்களுக்கும் இடையே ஒரு கைமுட்டி அகலம் விட்டு, பற்கள் அனைத்தும் பதியுமாறு தட்டையாக வையுங்கள். ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டால் பல் தரையைத் தொடாது. கோடரியின் காம்பால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். மாட்ட வேண்டிய இடம் மரவரிசைக்குக் கீழே, தட்டையான இடத்தில். சரிவு தொடங்கியபின் குனிந்து மாட்ட முயன்று பையையே உருட்டிவிடுபவர்கள் உண்டு.

உடை விஷயத்தில் வெப்பமண்டலக்காரர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே: குளிருக்குப் பயந்து தடித்த இறகுச் சட்டையோடு நடப்பது. அரை மணியில் வியர்த்து உள்ளாடை நனையும், நின்றதும் அந்த ஈரம் உடம்பை விறைக்க வைக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட. கம்பளி அல்லது செயற்கை இழை உள்சட்டை, நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத உறை. இறகுச் சட்டை நிற்கும்போது மட்டும். கையுறை இரண்டு ஜோடி, அதில் ஒன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும்படி. முகட்டில் ஒரு கையுறை பறந்துபோனால் விரலும் அதோடு போகலாம்.

குழாய் வைத்த தண்ணீர்ப்பை உறைந்துவிடும், அதனால் வெந்நீர்க் குடுவை. தேக்காவில் வாங்கிய பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் இரண்டும் குளிரில் கல்லாகும், உள்பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சிப் பொருள் எதுவும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக்கூடாது, பக்வா (வாட்டிய இறைச்சி) பொட்டலமும் அதில் சேர்த்தி. எரிவாயுக் குப்பி விமானத்தில் ஏறாது, அங்கே வாங்குங்கள். க்ராம்பனும் கோடரியும் பதிவுப் பெட்டியில், பவர்பேங்க் கைப்பையில்.

7. போய்ச் சேருவது, தங்குவது, செலவு

ஷின்ஜுகுவிலிருந்து ச்சினோவுக்கு அசுசா விரைவு ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு வழி 6,000 யென் அளவில். எல்லா இருக்கையும் முன்பதிவு. ச்சினோவிலிருந்து மினோதோகுச்சிக்கும் ஷிபுனோயுவுக்கும் பேருந்து குளிர்காலத்தில் மிகக் குறைவு, வார இறுதியிலும் விடுமுறையிலும் மட்டும் ஓடும் தடங்கள் உண்டு. கோடை அட்டவணையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை போய் நின்றால் டாக்சிதான், மினோதோகுச்சிக்கு ஏழெட்டாயிரம் யென் ஆகும்.

குடில் ஒரு இரவு, இரண்டு வேளை உணவோடு 12,000 முதல் 16,000 யென். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். உச்சியை ஒட்டிய குடில்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், படத்தில் பார்த்து நம்பாதீர்கள். சைவர்கள் பதியும்போதே எழுதிக் கேட்க வேண்டும். இறைச்சி இல்லை என்றாலும் சூப்பில் மீன்சாறு இருக்கும். உணவில்லாமல் தங்கும் விலை கேட்டு, உடனடி உப்புமாவும் ஊறுகாயும் கொண்டுபோவது பாதுகாப்பான ஏற்பாடு.

ஏழு நாள் பயணத்துக்கு, ஒரு வெள்ளிக்கு 110 யென் என்று வைத்தால், ஒருவருக்கு: விமானம் 600 முதல் 800 வெள்ளி, ரயிலும் பேருந்தும் ரோப்வேயும் சேர்த்து 190, குடில் இரண்டு இரவு 260, ஊரில் தங்குமிடம் 330, வாடகைச் சாமான் 170, சாப்பாடு 140. கூட்டினால் 1,700 முதல் 1,900 வெள்ளி. காப்புறுதி தனி. வழிகாட்டிக்கு நாளுக்கு 30,000 முதல் 50,000 யென் ஆகும், குழுவில் பிரித்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்க நினைத்தால் ஷாப்பிங்கில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

8. இங்கே பயிற்சி

அக்காதாக்கே கோசென் குடிலிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 680 மீட்டர் ஏற்றம். 25 மாடி வீவக புளோக்கின் படிக்கட்டைப் பத்து முறை ஏறினால் கிட்டத்தட்ட அந்த உயரம். எட்டுக் கிலோ பையோடு, வாரம் இரண்டு முறை, எட்டு வாரம். இறங்கும்போது மின்தூக்கியில் வராதீர்கள். தொடை நடுங்குவது இறக்கத்தில்தான். புக்கிட் தீமா நல்ல நடைதான், ஆனால் 163 மீட்டர் குன்றை ஒரு முறை ஏறிவிட்டுக் காப்பி குடிக்கப் போவது பயிற்சி ஆகாது.

9. அன்று காலை

வரைபடத்தை முந்தின இரவே தொலைபேசியில் இறக்கி, விமானப் பயண முறையில் போட்டு, உள்சட்டைப் பைக்குள் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் மின்கலன் இரண்டு மணி நேரத்தில் செத்துவிடும். தாள் வரைபடம் இன்னொருவரிடம் இருக்கட்டும். ஒருவர் மூக்கை, கன்னத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் உறைவு தொடங்கிவிட்டது, மூடிக்கொண்டு கீழே இறங்க வேண்டும், தேய்க்கக்கூடாது. அவசரத்துக்குக் காவல்துறை 110. ஆங்கிலம் பேச ஆள் வரும்வரை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தயாராக வைத்திருங்கள்.

கீழே வந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது ‘கம்பாஸ்’ தளத்தில் ‘இறங்கிவிட்டேன்’ என்று பதியுங்கள். மறந்து வெந்நீரூற்றில் இறங்கிக் கிடந்தால், குறித்த நேரம் தாண்டியதும் அவசரத் தொடர்பாக நீங்கள் கொடுத்தவருக்கு, அதாவது யீஷூனில் இருக்கும் அம்மாவுக்கு, மகன் இன்னும் திரும்பவில்லை என்று மின்னஞ்சல் போய்விடும்.